மூன்றாவது அளவீடு எங்கே போனது?

மணிக்கட்டுப் பட்டையிலிருந்து அசைவுத் தரவைப் போன் வழியாக கிளவுடுக்கு அனுப்பும் ஆய்வு என்னுடையது. ஒரு பாக்கெட்டில் மூன்று அளவீடுகள். கிளவுடில் பார்த்தால் மூன்றாவது எப்போதும் பூஜ்யம். இரண்டு வாரம் சர்வர் நிரலையே கிளறினேன்.

கடைசியில் போனுக்கு வந்து சேரும் பைட்டுகளை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பாக்கெட்டும் சரியாக 20 பைட். நான் அனுப்பியதோ 26: நேரத்துக்கு 8, ஒவ்வொரு அளவீட்டுக்கும் 6. இரண்டாவது அளவீடு முடிந்த இடத்தில் கத்தரித்ததுபோல நின்றிருந்தது! பட்டையும் போனும் பேசிக்கொள்ளும் புளூடூத் லோ எனர்ஜியில் நாம் எதுவும் கேட்காவிட்டால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 23 பைட்தான். அதில் 3 பைட் பாக்கெட்டின் தலைப்புத் தகவலுக்குப் (header) போய்விடும்.

சரி, இணைந்ததும் போனை 185 கேட்க வைத்தேன். அப்போதும் முதல் சில பாக்கெட்டுகள் வெட்டுப்பட்டன. எம்டியு முடிவாகும் முன்பே பட்டை அனுப்பத் தொடங்கியதுதான் காரணம். முடிவான பிறகே அனுப்பும்படி மாற்றினேன்.

எல்லாப் போனும் 185-க்கு ஒத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. 23-லேயே நின்றால் இரண்டாகப் பிரித்து, வரிசை எண்ணோடு அனுப்புகிறேன். அப்புறம் சர்வர்: நீளம் குறைந்த பாக்கெட்டில் சத்தமில்லாமல் பூஜ்யம் நிரப்பியது அதுதான். இப்போது நிராகரித்து, பதிவும் எழுதுகிறது. பழைய தரவில் மூன்றாவது அளவீடுகளை முழுவதும் நீக்கிவிட்டேன்.