காக்கர் ஸ்பானியலுக்குத் தீனி: எங்கள் வீட்டில் நடந்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

ரோஸியின் காதைத் தூக்கினால் புளித்த மாவு வாடை அடித்தது. 12 கிலோ காக்கர் ஸ்பானியல் நாய், அப்போது இரண்டு வயது. பாதத்தை நக்கி நக்கி விரலிடுக்கு முடியெல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்துவிட்டது. ‘சாப்பாடு ஒத்துக்கவில்லை’ என்று நாங்களே முடிவு கட்டி, இரண்டு மாதத்தில் ஐந்து தீனி மாற்றினோம். கடலூரிலும் புதுச்சேரியிலும் காக்கர், பீகிள் வளர்க்கிறவர்களிடம் பேசினால் பலரும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

அரிப்பு என்றாலே தீனிதான் காரணம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நாய்க்கு வருகிற தோல் ஒவ்வாமையில் உணவால் வருவது குறைவு; தெள்ளுப்பூச்சிக் கடி, தூசி இவற்றால் வருவதுதான் அதிகம். அதோடு காக்கருக்குக் காது நீளம், உள்ளே முடி அடர்த்தி, காற்றே புகாது. நம் கடற்கரைப் புழுக்கம் வேறு. தேவனாம்பட்டினத்தில் அலையில் விளையாடவிட்டு, காதைத் துடைக்காமலே ரோஸியைக் கூட்டிவந்த நாட்கள் எத்தனையோ. மருத்துவர் பஞ்சுக்குச்சியால் காது அழுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகிக் கிடந்தது. அதற்கு மருந்து கொடுத்த பிறகுதான் தீனியைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. காதைக் காட்டாமல் தீனியை மாற்றாதீர்கள். வருஷம் முழுக்க விடாத அரிப்பு, ஆறி ஆறித் திரும்ப வரும் காதுப்புண், கூடவே மலமும் இளகிப்போகிறது என்றால் உணவைச் சந்தேகிக்கலாம்.

ரோஸிக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. மருத்துவர் பழைய தீனிப் பைகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றின் முன்பக்கம் ஆட்டுக்குட்டி படம், இன்னொன்றில் மீன். பின்பக்கத்தில் எறும்பு போல ஊர்ந்த எழுத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில் படித்தபோதுதான் தெரிந்தது: ஆட்டிறைச்சித் தீனியில் மூன்றாவது பொருள் கோழி இறைச்சித் தூள், மீன் தீனியில் கோழிக் கொழுப்பு. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடுவார்கள். ஐந்து பை மாற்றியும் ஐந்திலும் கோழி இருந்திருக்கிறது. படத்தை நம்பி வாங்காமல் பின்பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘குட்டியிலிருந்து கோழிதானே சாப்பிடுகிறது, இப்போது மட்டும் என்ன?’ என்று நானும் கேட்டேன். ஒவ்வாமை பெரும்பாலும் பல மாதம், பல வருஷம் சாப்பிட்டுப் பழகின பொருளுக்குத்தான் வருமாம்.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி விலக்கு உணவு முறைதான். நாய் இதுவரை தொடாத ஒரே ஒரு புரதம், இல்லையென்றால் புரதத்தை மிகச் சிறிதாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீனி. குறைந்தது 8 வாரம் வேறெதுவும் வாயில் படக்கூடாது. விலை கூடுதல்தான். ஆனால் முறையாகச் செய்தால் ஒரு தடவையோடு முடிந்துவிடும்.

எங்களுக்கு ஒரு தடவையில் முடியவில்லை. மூன்றாவது வாரம் அரிப்பு குறைந்த மாதிரி இருந்து, திரும்பவும் ஏறியது. காரணம் புரியவில்லை. ஒருநாள் காலை அப்பாவோடு நடந்தேன். டீக்கடைக்குப் பத்தடி முன்னாலேயே ரோஸி கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி, பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணாடி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் கேட்காமலே ஒரு பொறையை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். தினமும் நடந்திருக்கிறது. அப்பாவுக்கு அது பாசம். ‘ஒரு பொறையில் என்ன வந்துவிடும்?’ என்றார். பொறை கோதுமை மைதாவில் செய்தது, சிலதில் பாலும் சேரும். மாட்டிறைச்சி, கோழி, பால், கோதுமை இந்த நான்கும் நாய்களுக்கு அடிக்கடி ஒத்துக்கொள்ளாத பட்டியலில் முன்னால் நிற்பவை. அப்புறம் உண்ணிக்குக் கொடுக்கிற மெல்லும் மாத்திரையில் இறைச்சி மணம் சேர்த்திருப்பதையும் மருத்துவர் சொல்லித்தான் கவனித்தோம். முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஆறாவது வாரம் பாதத்தில் புதுமுடி வெளுப்பாக முளைத்தது. எட்டு வாரம் முடிந்ததும் வேகவைத்த கோழி கொடுத்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். நான்காம் நாள் பாதத்தை நக்க ஆரம்பித்துவிட்டாள். சரி, கோழிதான்.

தீனி மாற்றுகிற வேகத்திலும் தவறு இருந்தது. ஒரே நாளில் மாற்றினால் நல்ல தீனிக்கும் வயிறு போகும். நாமோ அந்தத் தீனி சரியில்லை என்று ஒதுக்கிவிடுவோம். பழையதில் கால் பங்கு புதியது, பிறகு அரை, பிறகு முக்கால் என்று 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தானியமே இல்லாத தீனி உசத்தி என்று கடையில் சொன்னால் உடனே வாங்கிவிடாதீர்கள். அரிசி பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துப்போகிறது. தானியத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு வகைகளை நிறையச் சேர்த்த தீனி சாப்பிட்ட நாய்களுக்கு இதயத்தசை நோய் வந்ததாகப் புகார்கள் வர, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் விசாரணையை அறிவித்தது. அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் அமெரிக்கக் காக்கர் இன நாய்களுக்கு டாரின் என்ற சத்துக் குறைவால் இதயம் பலவீனப்படுவது முன்பே தெரிந்த விஷயம். அதனால் காக்கர் வளர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடே போதும் என்றால், வெறும் தயிர்சாதமோ கறியும் சோறுமோ போதாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்து முள்ளெடுத்துக் கொடுத்தால் தோலுக்கு நல்லது. கருவாடு கூடாது, உப்பு. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு எதுவும் வேண்டாம்.

அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ரோஸி எடைக்கு நாளைக்கு ஏறக்குறைய 700 கலோரி போதும். இடையில் கொடுக்கிற தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மூன்று மேரி பிஸ்கட்டிலேயே அது முடிந்துவிடும்.

கடைசியாக, மலிவு என்று 20 கிலோ மூட்டை வாங்குவது. நாளைக்கு 200 கிராம் என்றால் அது தீர 100 நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த மூட்டை நமுத்துப்போகும், கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சை பிடிக்கும். பிரித்த மூட்டையிலிருந்து அள்ளித் தருகிற லூஸ் தீனியும் அப்படித்தான். அதில் சேர்மானப் பட்டியலும் கிடைக்காது. நாங்கள் இப்போது 3 கிலோ பைதான் வாங்குகிறோம், பையோடு டின்னுக்குள் வைத்து மூடிவிடுகிறோம். பிரித்த தேதியை அப்பாதான் பேனாவால் அதன்மேல் எழுதிவைக்கிறார்.