ஆர்தர் நாவல் தேடுகிறீர்களா? மெர்லினை வைத்துத் தேடுங்கள்

ஆர்தர் அரசன், மெர்லின் மந்திரவாதி, வட்ட மேசை வீரர்கள் கதையைப் புதிதாகச் சொல்லும் ஆங்கில நாவல்களுக்குப் பஞ்சமே இல்லை, இன்னமும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் கூகிளில் தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்துப் புத்தகங்கள்தான் சுற்றிச் சுற்றி வரும், அதிலும் சிறுவர்களுக்கு எழுதியதும், பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் தெறிக்கிற போர் நாவலும், காதல் கதையும் ஒரே வரிசையில் நிற்கும். அதில் கைக்கு வந்ததை எடுத்து, நூறு பக்கம் தாண்டுவதற்குள் வெறுத்துப்போய், ஆர்தர் கதையே நமக்கு ஆகாது என்று ஒதுங்கிவிட்டவர்கள் நிறையப் பேர்.

அதனால் பட்டியலை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். இந்த நாவலில் மெர்லின் யார்? ஆர்தர் யார் எழுதினாலும் ஏறக்குறைய ஆர்தராகத்தான் இருப்பான்: நல்லாட்சி நடத்தப் பார்க்கிறான், கடைசியில் வீட்டுக்குள்ளிருந்தே கேடு வருகிறது. மெர்லினிடம்தான் எழுத்தாளர் தன் கைவரிசையைக் காட்டுவார். மந்திரம் நிஜமாகவே பலிக்கிற உலகமா, மந்திரம் மாதிரித் தெரிகிற தந்திரமா, மந்திரவாதிக்கே இடமில்லாத வரலாற்று நாவலா என்பதெல்லாம் அந்த ஒருவனை வைத்தே பிடிபட்டுவிடும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 1136 வாக்கில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்பவர் லத்தீனில் பிரிட்டன் அரசர்களின் வரலாறு என்று ஒன்றை எழுதினார், வரலாறு என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். அதில் வோர்டிகெர்ன் என்ற அரசன் கோபுரம் கட்டுகிறான், இன்று கட்டியதை மறுநாளே மண் விழுங்கிவிடுகிறது. அப்பன் இல்லாத பையனின் ரத்தத்தை அஸ்திவாரத்தில் தெளித்தால் நிற்கும் என்று அவனுடைய மந்திரவாதிகள் சொல்ல, ஊரெல்லாம் தேடிப் பிடித்து வரப்படும் பையன்தான் மெர்லின். அடியில் குளம் இருக்கிறது, அதற்கும் அடியில் இரண்டு டிராகன்கள் தூங்குகின்றன என்கிறான் பையன். தோண்டிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது, ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

இதே கோபுரத்தை மேரி ஸ்டூவர்ட் 1970இல் வந்த 'தி கிரிஸ்டல் கேவ்' நாவலில் எடுத்துக்கொள்கிறார். அங்கே பையனுக்கு அந்தக் குன்றுக்குள் பழைய சுரங்கம் ஓடுவது தெரியும், உள்ளே ஊறும் தண்ணீர்தான் அஸ்திவாரத்தை அரிக்கிறது என்று கணக்குப் போட்டுவிடுகிறான். சரி, அவ்வளவுதானா என்று நினைக்கும்போது, எல்லார் முன்னாலும் நின்று பேசுகிற அவனையே மீறி ஒரு வாக்கு வந்து விழுகிறது. எது தன் அறிவு, எது அருள் என்று பிரித்துச் சொல்ல அவனுக்கே தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற மெர்லின் உங்களுக்குப் பிடித்தால் மேற்கொண்டு தேடவே வேண்டாம், 1973இலும் 1979இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களும் அவன் வாயாலேயே சொல்லப்படுகின்றன. நான்காவதாக 1983இல் வந்தது ஆர்தரின் மகன் மோர்ட்ரெட்டின் கதை, மெர்லின் குரல் அதில் கிடையாது.

மந்திரம் ஒளிவுமறைவில்லாமல் வேண்டும், கூடவே சிரிக்கவும் வேண்டும் என்றால் டி. எச். வைட். அவருடைய மெர்லின் காலத்தில் பின்னோக்கி வாழ்கிறவன், நாளை நடக்கப்போவது அவனுக்குப் பழைய சங்கதி. சின்னப் பையனான ஆர்தரை மீனாகவும் பறவையாகவும் மாற்றிப் பாடம் நடத்துகிறான். இதில் பதிப்பைக் கொஞ்சம் கவனித்து வாங்க வேண்டும். 1938இல் தனியாக வந்த 'தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்' வேறு, 1958இல் 'தி ஒன்ஸ் அண்ட் ஃப்யூச்சர் கிங்' என்ற பெருந்தொகுப்புக்குள் போன வடிவம் வேறு. தொகுப்பில் மேடம் மிம் என்ற சூனியக்காரியைத் தூக்கிவிட்டார், அதற்குப் பதில் எறும்புகளும் காட்டு வாத்துகளும் வருகிற பகுதிகள் சேர்ந்தன. டிஸ்னி படத்தில் பார்த்த மிம்மைத் தேடித் தொகுப்பை வாங்கினால் ஏமாற்றம்தான். எனக்குத் தொகுப்புதான் பிடிக்கும், போகப்போக அந்தச் சிரிப்பு எப்படிக் கசப்பாக மாறுகிறது என்பது அதில்தான் முழுசாகத் தெரிகிறது.

பெர்னார்ட் கார்ன்வெல்லின் மூன்று நாவல்களில் (1995, 1996, 1997) மெர்லின் ஒரு ட்ரூயிட், அதாவது பிரிட்டனின் பழைய மதத்துப் பூசாரி. கிண்டல்காரன், ஈவு இரக்கம் பார்க்காதவன், பிரிட்டனின் பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர எதையும் பலிகொடுக்கத் தயாராக இருப்பவன். அவன் செய்வது பலித்ததா, தற்செயலா என்பதைக் கார்ன்வெல் கடைசிவரை உடைத்துச் சொல்ல மாட்டார். வட்ட மேசையின் பேர்பெற்ற வீரன் லான்சலாட்டின் ரசிகர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது, இங்கே அவன் பாணர்களுக்குக் காசு கொடுத்துப் புகழ் பாட வைக்கிற கோழை.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் ஃபிலிப் ரீவின் 'ஹியர் லைஸ் ஆர்தர்' (2007). இங்கே மெர்லினிடம் மந்திரம் சுத்தமாகக் கிடையாது, மிர்தின் என்ற பெயரில் கதை கட்டுகிற பாணன் அவன். ஏரி தேவதை ஆர்தருக்கு வாள் கொடுத்தாள் என்று கேட்டிருப்பீர்களே, அது க்வின்னா என்ற ஏழைச் சிறுமியைத் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கச் சொல்லி, வாளைப் பிடித்த கையை மட்டும் மேலே நீட்ட வைத்து நடத்திய நாடகம். சிறுவர் நூலுக்கான கார்னகி பதக்கம் வாங்கிய புத்தகம், ஆனால் பெரியவர்களுக்குத்தான் இதில் அதிகம் உறைக்கும்.

மேரியன் ஸிம்மர் பிராட்லியின் 'தி மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்' (1983) நாவலில் மெர்லின் என்பது ஆள் பெயரே இல்லை, ஒருவர் போனால் இன்னொருவர் வந்து உட்காருகிற பதவி. ஆர்தரின் அக்கா மார்கெய்ன் பக்கத்திலிருந்து கதை ஓடுகிறது. பீமன் சொல்லும் பாரதம், திரௌபதி சொல்லும் பாரதம் என்று படித்துப் பழகிய நமக்கு இது ஒட்டிக்கொள்ளும், ஆனால் தடி புத்தகம், பொறுமை வேண்டும். ரோஸ்மேரி சட்க்ளிஃப் 1963இல் எழுதிய 'ஸ்வோர்ட் அட் சன்செட்' நாவலில் மெர்லினே கிடையாது. ரோமானியர் போன பிறகு, கடல் தாண்டி பிரிட்டனுக்குள் புகுந்த சாக்சன்களோடு முட்டி மோதுகிற ஒரு குதிரைப்படைத் தலைவன் தன் கதையைத் தானே சொல்கிறான், அவ்வளவுதான். வரலாற்று நாவல் பிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதிலிருந்து தொடங்கலாம்.

மெர்லினுக்கு அடுத்து லான்சலாட் இருக்கிறானா என்று பாருங்கள். அவனை அரசியின் காதலனாகக் கதைக்குள் கொண்டுவந்தவர் 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியன் த த்ருவா. அதனால் வேல்ஸ் பக்கத்துப் பழைய மரபில் நிற்க நினைக்கிறவர்கள் அவனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆர்தரின் பழைய தோழன் பெட்வைரை வைப்பார்கள், சட்க்ளிஃபும் ஸ்டூவர்ட்டும் செய்தது அதுதான். பின்னட்டைச் சுருக்கத்தில் பெட்வைர் பெயர் அடிபட்டால் பளபளக்கும் முழுக்கவசம், குதிரை விளையாட்டுப் போட்டியெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், மரக்கோட்டையும் சேறும்தான் இருக்கும்.

இனி தேடுகிற வேலை. இந்த நாவல்கள் ஒரே அலமாரியில் இருக்காது என்பதுதான் முதல் சிக்கல். வைட் கிளாசிக்கில் இருப்பார், கார்ன்வெல் வரலாற்றில், ரீவ் சிறுவர் பகுதியில். ஸ்டூவர்ட் காதல் மர்ம நாவல்களுக்கும் பேர்போனவர் என்பதால் பழைய புத்தகக் கடைகளில் அவற்றோடு சேர்த்துப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் உங்களுக்குப் பிடித்த ஒரு நாவலை எடுத்து, பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பதிப்பாக இருந்தால் நூலகத்துக்கான பொருள் தலைப்புகள் பெரும்பாலும் அங்கே அச்சாகியிருக்கும், 'ஆர்தர், கிங், ஃபிக்ஷன்' என்கிற மாதிரி. அதை அப்படியே பல நாட்டு நூலகங்களின் பட்டியலை ஒன்றாகத் தேட உதவும் வேர்ல்ட்கேட் தளத்தில் பொருள் என்ற கட்டத்தில் போட்டால், எந்த அலமாரியில் கிடந்தாலும் ஒரே வலையில் வந்து விழும். தேடும்போது ஆங்கிலத்தில் மெர்லின் பெயரிலுள்ள i எழுத்தை y ஆக்கி ஒரு முறை, மிர்தின் என்று ஒரு முறை, ஆர்தருக்குப் பதில் ஆர்டோஸ் என்று ஒரு முறை தட்டிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு புத்தகங்கள் மேலே வரும். அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகம் நடத்தும் கேமலாட் புராஜெக்ட் தளத்தில் பழைய மூலங்களும், பாத்திரம் வாரியான குறிப்புகளும் இலவசமாக இருக்கின்றன. ஒரு நாவல் எந்தப் பழைய கதையிலிருந்து கிளம்பியிருக்கிறது என்று பார்க்க அதுவே போதும்.

கிடைத்த பெயர்களை வடிகட்ட விமர்சனங்களை விட ஆசிரியர் குறிப்பு உதவும். முன்னாலோ கடைசியிலோ இரண்டு மூன்று பக்கம் இருக்கும், எதை மரபிலிருந்து எடுத்தேன், எதை மாற்றினேன் என்று எழுதியிருப்பார்கள். கார்ன்வெல் இதில் ரொம்ப நேர்மை, எது தன் சரக்கு என்று பட்டென்று சொல்லிவிடுவார். கடைசியில் இருக்கிற குறிப்பில் கதை முடிவு உடைந்துவிடும்தான், ஆனால் ஆர்தர் சாவது தெரியாமலா இந்தக் கதைக்கு வருகிறோம்!

மூலத்தைப் படித்துவிட்டுத்தான் நாவலுக்குப் போக வேண்டுமா என்றால், தேவையில்லை. பழைய ஆர்தர் கதைகளை ஆங்கிலத்தில் ஒன்றுசேர்த்து மாலரி எழுதி, கேக்ஸ்டன் 1485இல் அச்சிட்ட நூல் 21 புத்தகங்களாகப் பிரிந்திருக்கிறது, முதலிலிருந்து தொடங்கினால் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பதிலேயே களைத்துவிடுவீர்கள். 20, 21 ஆகிய கடைசி இரண்டை மட்டும் படியுங்கள், பழைய நூல்களுக்கான புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். வட்ட மேசை உடைவது, மோர்ட்ரெட் அப்பனுக்கு எதிராகக் கிளம்புவது, ஆர்தரின் முடிவு எல்லாம் அதற்குள் வந்துவிடும், நவீன நாவல்கள் அதிகம் தொட்டுப் பேசுவதும் அதைத்தான்.

இரண்டு புத்தகங்களை மட்டும் தள்ளி வையுங்கள். கசுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜயன்ட்' (2015), லெவ் கிராஸ்மனின் 'தி பிரைட் ஸ்வோர்ட்' (2024). இரண்டுமே ஆர்தர் செத்த பிறகு நடப்பவை. முதலாவதில் மக்களின் நினைவை ஒரு மூட்டம் தின்றுகொண்டிருக்க, வயதான தம்பதி மகனைத் தேடிப் போகிறார்கள், வழியில் கிழவனாகிப்போன வட்ட மேசை வீரன் கவெய்ன் வந்து சேர்கிறான். இரண்டாவதில் ஒரு இளைஞன் வட்ட மேசையில் சேர ஆசையாசையாக வந்து நின்றால் அரசன் செத்து இரண்டு வாரம் ஆகியிருக்கிறது, மிச்சம் இருப்பது ஊர் பேர் தெரியாத சில வீரர்கள். மேலே சொன்னதில் ஏதாவது ஒன்றையாவது முடித்துவிட்டு இவற்றை எடுங்கள், இல்லாவிட்டால் கவெய்ன் யாரென்று தெரியாமலே அவனுக்காக வருத்தப்பட வேண்டியிருக்கும்.