இணையப் போக்கரில் ஒரே நேரத்தில் நான்கு டேபிள்: எப்படித் தொடங்குவது?

முதலில் சட்டம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றித் தடைசெய்தது. இந்தியாவில் இருப்பவர்கள் இலவச சிப்பில் மட்டும் பழகுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்; பழகுவதற்கு அவர்களுக்கும் இலவச சிப்பே போதும்.

ஆறு பேர் ஆடும் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு தரும் போக்கர் வகை) டேபிளில் மணிக்கு ஏறத்தாழ 75 கை, அதாவது சீட்டுப் போடுவது முதல் முடிவுவரை 75 ஆட்டம், ஓடும். நான்கு டேபிள் என்றால் 300. அதாவது 12 விநாடிக்கு ஒருமுறை புதிதாக இரண்டு சீட்டு வந்து விழும். எந்த இடத்தில் உட்கார்ந்தால் எந்தச் சீட்டோடு உள்ளே போகலாம் என்பது யோசிக்காமலே கைக்கு வரும்வரை ஒரு டேபிளிலேயே இருங்கள். அதன்பின் இரண்டு, சில நாள் கழித்து மூன்று. நான்குக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒரு காலத்தில் 24 கேஷ் டேபிள் (நேரடியாகப் பணம் வைத்து ஆடும் டேபிள்) வரை அனுமதித்த போக்கர்ஸ்டார்ஸ் தளமே 2019-ல் அதை நான்காகக் குறைத்தது.

எல்லா டேபிளும் ஒரே வகை, ஒரே பிளைண்ட் (சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அளவாக இருக்கட்டும். ஒன்றில் ஒன்பது பேர், இன்னொன்றில் ஆறு பேர் என்று கலந்தால் கணக்கு குழம்பிவிடும்.

அடுத்து திரை. 1920×1080 மானிட்டரில் ஒவ்வொரு டேபிளையும் 960×540 அளவுக்குச் சுருக்கினால் நான்கும் ஒன்றையொன்று மறைக்காமல் பொருந்தும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். புதியவர்கள் சிப்பை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்: இடப்பக்க டேபிளில் ஃபோல்ட் (சீட்டைக் கைவிடுவது) அழுத்தப் போகிறீர்கள், அந்த நொடியில் முறை வந்த வேறொரு டேபிள் மேலே தாவுகிறது, மவுஸுக்கு அடியில் இப்போது இருப்பது அதன் பட்டன். நல்ல ஜோடி ராஜா ஃபோல்டாகிப் போய்விடும். டேபிள் தானாக முன்னே வரும் வசதியை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

அங்கேயே நான்கு நிறச் சீட்டையும் தேர்ந்தெடுங்கள்: ஆட்டின் சிவப்பு, ஸ்பேட் கறுப்பு, டைமண்ட் நீலம், கிளாவர் பச்சை. சுருங்கிய டேபிளில் ஆட்டினையும் டைமண்டையும் மாற்றிப் பார்த்து, இல்லாத ஃப்ளஷ்ஷை (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) நம்பி பந்தயம் கட்டுவது இதனால் நிற்கும். பந்தயத்துக்கு 2.5 பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது), அரை பாட் (நடுவில் சேர்ந்த மொத்தப் பந்தயத்தில் பாதி), முக்கால் பாட் என்று பட்டன்களை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் எண் தட்டும் வேலை மிச்சம். சிப் குறைந்தால் 100 பிக் பிளைண்டுக்குத் தானாக நிரம்பும்படி விடலாம். முறை வருமுன்பே டிக் செய்துவைக்கும் 'செக்/ஃபோல்ட்' (பந்தயம் இல்லையென்றால் கட்டாமல் தொடர், இருந்தால் கைவிடு) பெட்டியைக் குப்பைச் சீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். நல்ல சீட்டில் பழக்கதோஷத்தில் டிக் விழுந்து, முறையும் வந்துவிட்டால் போன கை திரும்பாது.

டேபிள் அதிகமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை: டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) விழும்போது, ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு) முன் ரெய்ஸ் செய்தவர், அதாவது பந்தயத்தை ஏற்றியவர், யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் மூன்று முறை பதில் வரவில்லையென்றால் ஒரு டேபிளைக் குறையுங்கள். பாதிக் கையில் மூட வேண்டாம். 'அடுத்த பிக் பிளைண்டில் விலகு' என்பதை டிக் செய்தால், கட்டிய பிளைண்டுக்கான கைகளை ஆடி முடித்தபின் அதுவே உங்களை வெளியே விடும்.