நாற்பதுக்கு மேல் மாறும் முடி, மாறும் தோல்: குறைந்த செலவில் ஷாம்புவும் ஃபவுண்டேஷனும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாற்பத்து மூன்று வயதில் என் முடி எனக்கே அந்நியமாகிவிட்டது. பல வருடமாகத் தேய்த்த அதே ஷாம்பு, அதே போர்வெல் தண்ணீர். ஆனால் தலைக்குக் குளித்து ஒரு மணி நேரத்தில் உச்சந்தலை அரிக்கும், நுனி தேங்காய் நார் போல விறைத்து நிற்கும். முகமும் அப்படித்தான். எண்ணெய் வழிந்த நெற்றி வறண்டது, கன்னத்தில் மங்கு படர்ந்தது. எப்போதும் போடும் ஃபவுண்டேஷன் மூக்கோரத்தில் திட்டுத் திட்டாக நின்றது.

மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, தோலின் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது. நரைமுடி பெரும்பாலும் வறண்டு முரடாக இருக்கும். பிள்ளை பெற்ற பின்பும், தைராய்டு ஏறி இறங்கும்போதும், ஊர் மாறித் தண்ணீர் மாறும்போதும் முடியும் தோலும் இப்படி மாறலாம். அந்த மாதிரி நேரத்தில் கடைக்குப் போகும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் உங்களைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் எதுவும் தடவாமல் இருங்கள். பிறகு ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். எல்லாத் துண்டிலும் எண்ணெய் என்றால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலப்புச் சருமம். எங்கும் ஒட்டவில்லை, கன்னம் இழுத்துப் பிடிக்கிறது என்றால் வறண்ட சருமம். தலைக்கும் இதே சோதனைதான்: குளித்த மறுநாள் மாலை வகிட்டில் ஒற்றுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் எண்ணெய்ச் சருமமாக இருந்திருக்கலாம். வாங்கும்போது இன்றைய பேப்பர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: ஷாம்புவைத் தலைத்தோலுக்காக வாங்குங்கள்

ஷாம்புவின் வேலை தலைத்தோலில் படிந்த எண்ணெயையும் அழுக்கையும் எடுப்பது. முடியின் நீளத்தை மென்மையாக்குவது கண்டிஷனரின் வேலை. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தலைத்தோல் எண்ணெயும் நுனி வறட்சியுமாக இருந்தால், எண்ணெய்த் தலைக்கான ஷாம்புவை வேரில் மட்டும் தேய்த்து, நீளத்துக்குக் கண்டிஷனர் போடுங்கள்.

இப்போது பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். சேர்மானங்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்கு வரிசையாக இருக்கும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் வரலாம். அதனால் முன்பக்கம் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் பெரிதாக அச்சடித்திருந்தாலும், பின்பக்கப் பட்டியலில் அவை வாசனைத் திரவியத்துக்குப் பிறகு வந்தால் பேருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தண்ணீருக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் அல்லது சோடியம் லாரெத் சல்ஃபேட் என்றால் நன்றாக நுரைக்கும், எண்ணெயை நன்றாக எடுக்கும். இரண்டில் லாரெத் கொஞ்சம் மென்மை. கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்ன், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்றவை முன்னால் இருந்தால் இன்னும் மென்மையானது.

சல்ஃபேட் என்றாலே விஷம் என்று பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. நம் வீடுகளில் சனிக்கிழமை நல்லெண்ணெய் சொட்டச் சொட்டத் தேய்த்துக் குளிக்கும் தலையில், சல்ஃபேட் இல்லாத விலை உயர்ந்த ஷாம்புவை மூன்று தடவை போட்டாலும் பிசுக்கு போகாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். நான் செய்வது இதுதான்: எண்ணெய்க் குளியல் நாளில் சாதாரண சல்ஃபேட் ஷாம்பு, மற்ற நாளில் மென்மையானது. மென்மையான பாட்டில் இப்போது இரண்டு மடங்கு நாள் வருகிறது.

சீயக்காய் வேண்டாமா என்று அம்மா கேட்பார். பிடித்தால் தாராளமாகப் போடலாம், அதில் உள்ள சப்போனின் நன்றாகவே எண்ணெய் எடுக்கும். ஆனால் வறண்ட, நரைத்த முடியில் கொரகொரப்பான பொடியைத் தேய்த்தால் முடி உரசி அறும். நன்றாகச் சலித்து, வடிகஞ்சியில் குழைத்துப் போடுங்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் இன்னொன்று கவனிக்க வேண்டும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். சேர்மானத்தில் இடிடிஏ என்று முடியும் பெயர் இருந்தால் அந்தப் படிவைப் பிடித்துக்கொள்ள உதவும். கடைசியாக ஊற்றும் ஒரு குவளை மட்டும் குடிதண்ணீராக இருந்தாலே வித்தியாசம் கையில் தெரியும்.

படி 3: பாட்டிலுக்கு முன் பாக்கெட்

பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டைக் குறைவாக நினைக்காதீர்கள். 1983-ல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு பாக்கெட்டிலேயே நாடெங்கும் போனது. சோதித்துப் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை. ஒரே ஷாம்புவில் நான்கு பாக்கெட் வாங்கி, இரண்டு வாரம் அதை மட்டும் போடுங்கள். குளித்த அன்றைக்குப் பல ஷாம்புகளும் நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் அரிப்பு உண்டா, மாலையில் பிசுக்கு ஏறுகிறதா என்பதைப் பாருங்கள்.

பிடித்துவிட்டதா? வாங்கும் முன் மில்லிக்கு எவ்வளவு என்று போனில் ஒரு கணக்கு. 340 மில்லி பாட்டில் 300 ரூபாய் என்றால் மில்லிக்கு 88 காசு. 5 மில்லி பாக்கெட் 2 ரூபாய் என்றால் மில்லிக்கு 40 காசு. பெரிய பாட்டில்தான் லாபம் என்று பலரும் நினைக்கிறோம், ஷாம்புவில் பெரும்பாலும் பாக்கெட்டே மலிவு. பிளாஸ்டிக் குப்பை சேர்கிறதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதனால் சோதனைக்கு மட்டும் பாக்கெட், அப்புறம் பாட்டில்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த ஷாம்புவும் உதிர்ந்த முடியை முளைக்க வைக்காது. பிரசவம் முடிந்து மூன்று மாதம் வாக்கில் கொத்தாகக் கொட்டுவது இயல்பு, பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும். ஆனால் வகிடு அகன்றுகொண்டே போனாலோ, காசு அளவில் புழுவெட்டு விழுந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சத்தும் தைராய்டும் இரத்தப் பரிசோதனையில் தெரியும். ஆயிரம் ரூபாய் ஷாம்புவைவிட அந்தப் பரிசோதனைக்குச் செலவழிப்பது மேல்.

படி 4: ஃபவுண்டேஷனை வெயில் வெளிச்சத்தில் பாருங்கள்

சித்தி மகள் வளைகாப்புக்காக ஒரு கடையில் ஃபவுண்டேஷன் வாங்கினேன். "ஒரு ஷேடு லைட்டா எடுத்துக்கோங்கக்கா, பிரைட்டா இருக்கும்" என்று அந்தப் பெண் மணிக்கட்டில் தடவிக் காட்டினாள். குழல் விளக்கில் அழகாகத்தான் இருந்தது. ஆல்பம் வந்தபோது என் முகம் சாம்பல் பூத்து, கழுத்து தனியாகத் தெரிந்தது. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒரு படி வெளுப்பாக எடுக்கச் சொல்லும் அந்த யோசனையை இனி யாரும் கேட்டுக்கொள்ள வேண்டாம். உங்கள் நிறம் எதுவோ அதுதான் உங்கள் ஷேடு.

சரி, செய்முறைக்கு வருவோம். முகத்தில் வேறு எதுவும் இல்லாமல் போங்கள். உங்கள் நிறத்துக்கு நெருக்கமான மூன்று ஷேடுகளை, தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் பக்கம் பக்கமாகக் கோடு போடுங்கள். மணிக்கட்டு வேண்டாம், அங்கே நிறம் வேறு. தேய்த்துப் பரப்பிவிட்டு வாசலுக்கு வாருங்கள். உடனே முடிவு செய்யாமல் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள், ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். சில ஃபவுண்டேஷன்கள் முகத்து எண்ணெயும் காற்றும் பட்டு ஒரு படி கறுக்கும். பிறகு கைக்கண்ணாடியில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ அதுதான் உங்களுடையது. சாம்பலாகத் தெரிவது அதிக வெளுப்பு அல்லது ரோஸ் கலந்தது. ஆரஞ்சாகத் தெரிவதும் ஆகாது.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து ஷேடு தேர்ந்தெடுக்கும் வித்தை நம் நிறத்துக்கு அவ்வளவாக உதவாது. தாடைக் கோட்டை நம்புங்கள்.

வறண்ட சருமத்துக்கு மேட் வகை, அதாவது பளபளப்பில்லாதது, வேண்டாம், சுருக்கக் கோடுகளில் போய் உட்காரும். எண்ணெய்ச் சருமத்துக்கும் சென்னை வெயிலுக்கும் மேட் நல்லது. சிறிய டியூப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு தடவைக்குப் பட்டாணி அளவு போதும். காது மடலுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு முகத்தில் போடுங்கள்.

மேலே பெயரும் சேர்மானமும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத வெளுக்கும் கிரீம்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

படி 5: பூசும் முறை

முதலில் மாய்ஸ்சரைசர், அப்புறம் சன்ஸ்கிரீன், ஐந்து நிமிடம் கழித்து ஃபவுண்டேஷன். ஃபவுண்டேஷனில் எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு அளவு) எழுதியிருந்தாலும் சன்ஸ்கிரீனுக்கு மாற்றாகாது, அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனாக வாங்கினால் கூடுதல் பலன் உண்டு. மங்கைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது தடுக்கும். பல நாட்களில் எனக்கு அந்த ஒன்றே போதுமாக இருக்கிறது, ஃபவுண்டேஷன் செலவே மிச்சம்.

நனைத்துப் பிழிந்த ஸ்பான்ஜால் முகத்தின் நடுவிலிருந்து வெளியே ஒற்றுங்கள், இழுக்க வேண்டாம். பவுடர் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும். டியூபில் திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால் திறந்த பிறகு பன்னிரண்டு மாதம் என்று பொருள். திறந்த தேதியை மார்க்கரால் அடியில் எழுதி வையுங்கள்.