விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் காற்றுக் குமிழை எப்படித் திருகுவது? முதல் தடவை பறக்கும் நம்மூர்க்காரர்களுக்கு

போன சித்திரையில் அம்மாவை வாகைக்குளத்திலிருந்து, அதாவது தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து, சென்னைக்கு விமானத்தில் கூட்டிப்போனேன். அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. எனக்கு நாலு வரிசை தள்ளி இடம் கிடைத்ததால் பக்கத்தில் இருந்து எதையும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை, இறங்கும்போது போய்ப் பார்த்தால் முந்தானையால் தலையையும் காதையும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். வழி முழுக்கக் குளிர்காற்று நேரே உச்சந்தலையில் அடித்திருக்கிறது. "அதத் திருகினா நிக்கும்னு எனக்கு எப்படில தெரியும்?" என்று கேட்டாள். ஏறுவதற்கு முன்னால் ரெண்டு நிமிஷம் நான் சொல்லியிருக்கலாம். அந்த ரெண்டு நிமிஷப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன், உங்கள் வீட்டு ஆச்சிக்கும் சித்திக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஏறுவதற்கு முன்

கைப்பையில் ஒரு மெல்லிய துப்பட்டி, ஒரு ஜோடி காலுறை, காலித் தண்ணீர் பாட்டில், நாலு துண்டு சில்லுக்கருப்பட்டி. பாட்டிலைச் சோதனை முடிந்து உள்ளே போனபிறகு நிரப்பிக்கொள்ளலாம். இதையெல்லாம் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் பிரயோஜனம் இல்லை.

உட்கார்ந்ததும்

அண்ணாந்து பாருங்கள். பெட்டி வைக்கிற தட்டுக்கு அடியில் விளக்கு, பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தான், இவற்றோடு குளிர்காற்று வருகிற உருண்டையான சின்னக் குமிழ்கள் இருக்கும். விமானத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேஸ்பர் என்பார்கள். ஒரு வரிசையில் எத்தனை பேரோ பெரும்பாலும் அத்தனை குமிழ். எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் கீழே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், உங்கள் பக்கம் வருவது எது என்று தெரிந்துவிடும்.

இதில் இரண்டு வேலை உண்டு. திருகினால் காற்று கூடும், குறையும். பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் மாதிரி இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். திருகாமல் விரலால் சாய்த்தால் காற்றின் திசை மாறும். இந்த இரண்டாவது வேலையைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கை எட்டாதவர்கள் கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடமோ பணிப்பெண்ணிடமோ சொல்லுங்கள், அவர்களுக்கு அது தினப்படி வேலைதான்.

தரையில் நிற்கும்போது

முழுக்கத் திறந்து, நெஞ்சுக்கு நேரே வையுங்கள். கத்திரி வெயிலில் வாகைக்குளத்து ஓடுதளத்தில் நிற்கிற விமானம் உள்ளே புழுங்கத்தான் செய்யும். பெரிய ஜெட் விமானங்களுக்கு, இன்ஜின் ஓடாத நேரத்தில் மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் வாலில் ஒரு சின்ன இன்ஜின் இருக்கிறது. நம்ம பக்கம் வந்துபோகும், விசிறி வைத்த ஏடிஆர் 72 விமானத்தில் அது கிடையாது. அதற்குப் பதிலாக வலது இன்ஜினின் விசிறியைப் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, இன்ஜினை மட்டும் ஓடவிட்டுக் காற்று எடுக்க ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், அதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர்.

சில நாள் குமிழிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் புகை மாதிரி வெள்ளையாக இறங்கும். பயப்படவே வேண்டாம். கடலோர ஈரக்காற்றில் சில்லென்ற காற்று கலக்கும்போது உண்டாகிற மூடுபனி அது, வாடை எதுவும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானாகக் கலைந்துவிடும்.

மேலே போனபிறகு

இனித்தான் முக்கியமான வேலை. புழுக்கம் போய்க் குளிரத் தொடங்கியதும் குமிழைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். அப்புறம் உள்ளங்கையை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, காற்று கையில் படுகிற மாதிரி குமிழைச் சாய்த்துவிட்டுக் கையை எடுங்கள். காற்று முகத்தில் மோதாமல் மூக்குக்கு முன்னால் இறங்கி மடியில் விழ வேண்டும். குற்றாலத்தில் அருவிக்கு நேர் கீழே நிற்பதும் சற்றுத் தள்ளிச் சாரலில் நிற்பதும் ஒன்றா? அந்த வித்தியாசம்தான். உச்சந்தலை, கண், கழுத்துப் பிடரி மூன்றிலும் நேராகப் படக்கூடாது. குமட்டல் வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் முகத்திலேயே காட்டுங்கள், நல்ல ஆறுதலாக இருக்கும்.

முழுக்க மூடிவிடலாமா என்று கேட்பார்கள். யாரோ இருமிய காற்று இது வழியாக வரும் என்று பயந்து காகிதத்தைச் சுருட்டி அடைக்கிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான ஜெட் விமானங்களில் உள்ளே சுற்றுகிற காற்றில் ஏறக்குறையப் பாதி வெளியிலிருந்து வருவது, மீதி ஹெப்பா வடிகட்டி வழியாகத் திரும்பி வருவது. அந்த வடிகட்டி கண்ணுக்கே தெரியாத 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். காற்று மேலிருந்து வந்து, கால்மாட்டில் சுவரோரமாக இருக்கும் கம்பிச் சல்லடை வழியாக வெளியேறும். சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் அந்தச் சல்லடையைப் பையால் அடைக்காதீர்கள். அதனால் என் பேச்சைக் கேட்டால் மூடாதீர்கள், கொஞ்சமாவது திறந்திருக்கட்டும். குளிர் தாங்காவிட்டால் துப்பட்டியை எடுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொள்ளுங்கள். 35,000 அடியில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கும், சன்னலோரத்தில் கால் சில்லிடுவது அதனால்தான். காலுறை அதற்குத்தான்.

தொண்டை வறண்டால்

அவ்வளவு உயரத்துக் காற்றில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை, அதை உள்ளே கொண்டுவந்து சூடாக்கும்போது ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். கண்ணுக்குள் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள், தண்ணீரை அடிக்கடி வாய் வாயாகக் குடியுங்கள். நம்ம பொதிகை உச்சி சுமார் 6,100 அடி. போயிங் 787 எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ அந்த உச்சியில் இருப்பது போலத்தான் இருக்கும், மற்ற விமானங்களில் 8,000 அடி வரை போகலாம். கொஞ்சம் அசதியாக இருந்தால் அது சகஜம்.

குமிழே இல்லாவிட்டால்

திருவனந்தபுரம் போய் வளைகுடாவுக்கு ஏறுகிறவர்களுக்கு இது நடக்கும். பெரிய விமானங்கள் சிலவற்றில் தனிக் குமிழ் வைப்பதில்லை. பணிப்பெண்ணிடம் குளிருகிறது, புழுங்குகிறது என்று சொன்னால் அந்தப் பகுதிக்கு மட்டும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கப் பல விமானங்களில் வழி உண்டு.

இறங்கும்போது

காது அடைக்கும். சில்லுக்கருப்பட்டியை இப்போது வாயில் போட்டு எச்சிலை விழுங்கிக்கொண்டே இருங்கள், கைக்குழந்தை என்றால் பால் கொடுங்கள். தூங்குகிற பெரியவர்களை எழுப்பிவிடுவது நல்லது, தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு. சக்கரம் தரையைத் தொட்டதும் குமிழை மறுபடி முழுக்கத் திறந்துவிடுங்கள், கதவு திறந்து நம்ம முறை வருவதற்குள் உள்ளே சூடு ஏறிவிடும்.