வளவில் நிற்கும் பழைய காரைத் திருத்தி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் வளவின் கோடியிலோ தகரப் பத்தியின் கீழோ ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிறிஜோ ஓடாமல் நிற்கும் வீடுகள் இன்னும் பல இருக்கின்றன. பொருளாதாரத் தடை இருந்த 1990களில், கார்புறேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடி, நோயாளரையும் மணமக்களையும் சுமந்த கார்கள் அவை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கைவிடப்பட்டு, வீட்டார் திரும்பி வந்து பார்த்தபோது சில்லுகள் பாதி மண்ணில் புதைந்து கிடந்த கார்களும் அவற்றுள் உண்டு. அப்படியான ஒன்றை அப்பாவுக்காக மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்று விரும்பி, எங்கள் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனரை மாதச் சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டே இரண்டரை ஆண்டுகளில் திருத்தி எடுத்தேன். அந்தக் காலத்தில் வீணான பணத்தில் பெரும்பகுதி, உதிரிப்பாகத்தின் விலை கூடியதால் போகவில்லை. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததாலும், யார் ஓட்டப்போகிறார் என்பதை மறந்ததாலும் போனது.

முதல் தவறு, அப்பாவுக்குச் சொல்லாமல் தொடங்கியது. பிறந்தநாளன்று காரைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும். ஆனால் அந்தக் காரைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர் எவருமில்லை. எந்தப் பக்கம் லொறியில் மோதியது, எப்போது எஞ்சின் பிரிக்கப்பட்டது, எந்தக் காலத்தில் எந்த எண்ணெயில் ஓடியது என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பின்பக்க இடது மூலையில் கட்டலோய் என்ற நிரவும் பசையின் கீழ் ஒளிந்திருந்த பழைய ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க நான் தகட்டு வேலை செய்யும் ரிங்கருக்கு இரண்டு நாட் கூலி கொடுத்தேன். அப்பாவிடம் கேட்டிருந்தால் அவர் விரலால் தொட்டுக் காட்டியிருப்பார். நான் தெரிவுசெய்து வைத்திருந்த கரும்சிவப்பு நிறத்தையும் அவர் விரும்பவில்லை. அப்பப்பா வாங்கியபோது இருந்த சாம்பல் நிறமே அவருக்கு வேண்டியிருந்தது.

அவரைச் சேர்த்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம், பத்திரங்கள். வாகனத்தின் பதிவுப் புத்தகம் காலமான அப்பப்பாவின் பெயரில் இருந்தால், உரிமையாளரின் வாரிசுகள் அனைவரும், வெளிநாட்டில் இருப்பவர்களும் உட்பட, பெயர் மாற்றத்துக்கு உடன்பட வேண்டியிருக்கும். சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதற்கு முன்னர், புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் காரில் பொறிக்கப்பட்டிருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று கறளைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இடையில் யாரோ ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டிவிட்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் விட்டிருந்தால், அந்தச் சிக்கல் உங்கள் தலையில்தான் விழும். நிறத்தை மாற்றினாலும் அறிவிக்க வேண்டும். பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாத வருமான அனுமதிப்பத்திரத்துக்கு நிலுவை எவ்வளவு என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையைச் செலவுக் கணக்கின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உற்சாகத்தில் முழுக் காரையும் ஒரே வாரத்தில் கழற்றிப்போடுவது. கழற்றுவதற்குப் பணம் தேவையில்லை என்பதால் அது எளிதாக நடந்துவிடுகிறது. பூட்டுவதற்கு வேண்டிய பணம் வரும்போது ஒரு வருடம் கடந்திருக்கும், எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்பது எவருக்கும் நினைவிருக்காது. குறைந்த பணத்தோடு இறங்குபவர் ஒரு பகுதியைக் கழற்றி, திருத்தி, பூட்டி முடித்த பின்னரே அடுத்த பகுதியைத் தொட வேண்டும். கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து, ஆணிகளைத் தனித்தனிப் போத்தல்களில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். தேய்ந்துபோன பழைய பாகத்தை எறிந்துவிடாதீர்கள். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக் கடைக்காரரிடமோ, இங்கே இரும்பைக் கடைந்து கொடுக்கும் கடைசற்காரரிடமோ மாதிரி காட்டுவதற்கு அது ஒன்றே சாட்சி.

பணம் அதிகமாக அழிவது கறளில்தான். மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுகளின் கீழே ஓடும், ‘சில்’ எனப்படும் பெட்டி போன்ற பகுதி, ஜக் வைக்கும் இடம், நடுவே குறுக்காகச் செல்லும் உத்தரம், பின் வில்தகடு பொருந்தும் இடங்கள் ஆகியவை உக்கினால், மேலே எவ்வளவு மினுக்கினாலும் கார் நடுவில் தளர்ந்துவிடும். உப்புக் காற்று படும் எங்கள் குடாநாட்டில் இந்த இடங்களே முதலில் போகின்றன. உக்கிய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து வெல்ட் செய்வது மலிவாகத் தோன்றும். ஆனால் இரண்டு தகடுகளுக்கும் இடையில் ஈரம் சிறைப்பட்டு, இரண்டு மாரி முடிவதற்குள் புதுத் தகடும் ஓட்டையாகிவிடும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டே புதியது வைக்க வேண்டும்.

வெட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது, அதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வலப்பக்க ‘சில்’ பகுதியை வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை ஒட்டி உடலைத் தாங்க வைக்க வேண்டும். கார் சமதரையில், அதன் பாரம் அச்சுகளின் மேல் இருக்கும்படி நிற்க வேண்டும். நான் ஒப்படைத்த கராஜில் நடுவில் ஜக் கொடுத்து, தாங்கு எதுவும் இல்லாமல் வெட்டி ஒட்டிவிட்டார்கள். வேலை முடிந்து சாரதிக் கதவைச் சாத்தியபோது, மேல் மூலையில் என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருந்தது. கீழ் மூலையில் ஒரு தாள்கூட நுழையவில்லை. ஒட்டிய ‘சில்’ பகுதியை மறுபடி வெட்டி, உடலை நிமிர்த்தி, மீண்டும் ஒட்ட வேண்டியதாயிற்று. இப்போது எவரேனும் கேட்டால், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நான்கு கதவுகளின் இடைவெளியையும் அளந்து சுவரில் எழுதிவைக்கும்படி சொல்கிறேன். வெல்ட் செய்யும் நாளில் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும், பெற்றோல் தாங்கிக்கு அருகில் வேலை என்றால் தாங்கியையே இறக்கிவிட வேண்டும் என்பதையும் சிலர் அலட்சியம் செய்கிறார்கள்; அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமேயில்லை.

கட்டலோய் கெட்ட பொருளன்று. ஆனால் அது நெளிவை நிரவுவதற்கே, ஓட்டையை அடைப்பதற்கன்று. 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் வெயிலில் வெடித்துக் கழரும். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி உடலெங்கும் வைத்துப் பார்த்தால் எங்கே இரும்பு, எங்கே கட்டலோய் என்பது தெரிந்துவிடும். கதவுகளின் அடியில் மழைநீர் வடிவதற்குள்ள சிறு துளைகளைக் கட்டலோயும் பெயின்ரும் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் கதவு உள்ளிருந்தே உக்கத் தொடங்கும்.

பணம் தீர்ந்ததும் காரைப் பிறைமர் என்ற அடிப்பூச்சோடு மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது எங்கள் ஊரில் மிகவும் பரவலான தவறு. சாதாரண பிறைமர் ஈரத்தை உறிஞ்சும். அதன் கீழே கறள் வலை பின்னிக்கொண்டே போகும். ஐப்பசியில் பிறைமர் அடித்துத் தையில் பெயின்ற் அடிக்கலாம் என்று நினைத்தவர் எல்லாவற்றையும் மறுபடி உரசியே ஆக வேண்டும். முழுப் பணமும் கையில் இருக்கும்போது மட்டும் அந்த வேலையைத் தொடங்கி, மாரி ஓய்ந்த மாசி, பங்குனியில் முடித்துவிடுவது நல்லது. சோளகக் காற்று எழுந்துவிட்டால் செம்மண் தூசி ஈரப் பெயின்ரில் வந்து ஒட்டும். தறப்பாளை உடலோடு இறுகப் போர்த்துவதும் நன்மை செய்வதாகத் தோன்றும் ஒரு தீமை. கீழே வியர்க்கும் ஈரம் போக வழியில்லாமல் போகும். கூரைக்கும் தறப்பாளுக்கும் இடையில் காற்று ஓட வேண்டும்.

இவ்வளவையும் எழுதினாலும், உண்மையில் முதலில் செலவு செய்ய வேண்டியது பெயின்ருக்கு அன்று, பிறேக்குக்கு. நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிறேக், ஒரே மாஸ்ரர் சிலிண்டர், ஒரே சுற்று. ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே பிறேக்கை இழக்கும், கைபிறேக் மட்டுமே மிஞ்சும். மாஸ்ரர் சிலிண்டரோ சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே ஒளிந்திருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தாலொழிய அதன் எண்ணெய் மட்டம் எவருக்கும் தெரியாது. அதைப் பிடிக்கும் ஆணிகளை வெளியே எடுக்க, முன்பக்கச் சஸ்பென்சனின் முறுக்குத் தண்டு இடைஞ்சலாக இருப்பதால், கராஜ்காரர்கள் சிலிண்டரைக் கழற்றாமல் எண்ணெயை மட்டும் நிரப்பித் தந்துவிடுகிறார்கள். பல ஆண்டு நின்ற காரில் அதன் றப்பர்கள், சில்லுச் சிலிண்டர்களின் றப்பர்கள், மூன்று வளையும் குழாய்கள், இரும்புக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்ற வேண்டும். வளையும் குழாய் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலை எடுத்த பின்னும் ஒரு பக்கச் சில்லு இழுத்துக்கொண்டே இருந்தால் முதலில் அதையே சந்தேகிக்க வேண்டும். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால், ஓடாமல் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். எழுபது கடந்த ஒருவர் பிறேக்கை எவ்வளவு பலத்தோடு மிதிக்க முடியும் என்பதை, உங்கள் காலால் அன்று, அவர் காலால் சோதித்துப் பாருங்கள்.

பிறேக்குக்கு அடுத்தது முன் சில்லுகளைத் தாங்கும் ட்றனியன். மரை தேய்ந்து கழன்றால் சில்லு பக்கவாட்டில் மடிந்து விழும். இந்தக் காரின் அறியப்பட்ட பலவீனம் அது. காரைத் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தேய்வு கையில் தெரியும். கிறீஸ் அடிப்பதற்கு ஆகும் செலவு ஒரு தேநீரின் விலைதான், ஆனால் அதை மறப்பவர்களே அதிகம். இடப் பக்கப் பாகமும் வலப் பக்கப் பாகமும் எதிரெதிர் மரை கொண்டவை என்பதால் வாங்கும்போது பக்கம் சொல்லி வாங்க வேண்டும். பூவெல்லாம் தேயாமல் இருக்கிறது என்று பழைய ரயரை நம்பாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது தயாரிக்கப்பட்ட வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும்.

மின்வேலையைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: அந்தக் காலத்து மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களின் பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் சார்ச் செய்யும் அமைப்பு கெடும்.

எஞ்சினில் அவசரம் காட்டுவது பெரும் செலவாகிவிடும். பல ஆண்டு நின்ற எஞ்சினைப் புதுப் பற்றரி பூட்டி உடனே ஸ்ராட் செய்ய முயன்றால், ஒட்டிப்போன பிஸ்ரன் வளையங்கள் உடையலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, முன்னால் ஹாண்டிலைச் செருகிக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய காராக இருந்தால், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்திருக்கும் என்பதால், அடித்தட்டைக் கழற்றிப் பெயரிங்குகளைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். மறுபுறம், ஈயமில்லாத பெற்றோலுக்காக வால்வு இருக்கைகளை உடனே மாற்ற வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அந்தப் பணத்தைப் பிறேக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் 948 சீசீ எஞ்சினுக்கு அது அவசரமில்லை. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் பழக்கம்தான் அவசரமாக நிறுத்தப்பட வேண்டியது. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். வடித்த நீர் வாங்கி ஊற்றுங்கள்.

பாகங்களை இலண்டனில் இருக்கும் உறவினர் மூலம் எடுப்பது நல்ல வழி, ஏனெனில் மொறிஸ் மைனருக்கு அங்கே இன்றும் ஏறத்தாழ எல்லாப் பாகங்களும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆசைப்பட்ட பொருட்களையெல்லாம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாமல், பிறேக் றப்பர், ட்றனியன் போன்ற சிறிய, பாரமில்லாத, உயிர் காக்கும் பாகங்களை மட்டும் ஒரே பட்டியலாகக் கேளுங்கள். தகடு, இருக்கை, கம்பளம் ஆகியவற்றை இங்கேயே செய்விக்கலாம்.

இருக்கையில் நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். நல்ல தடித்த ஸ்பொன்ச் வைத்துத் தைக்கச் சொன்னேன். அப்பா ஏறி இருந்தபோது அவர் முழங்கால் ஸ்ரியரிங் வளையத்தின் கீழ் இறுகிக்கொண்டது, கிளச்சிலிருந்து காலை எடுக்க அவரால் முடியவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த நாள் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் குறைத்த பின்னரே அவர் கால் பழையபடி விழுந்தது.

வேலை முடிந்த அன்றே நல்லூருக்கோ கீரிமலைக்கோ குடும்பத்தோடு புறப்படாதீர்கள். முதல் நாள் வளவுக்குள் பிறேக்கைப் பத்து முறை மிதித்துப் பாருங்கள். பிறகு ஒழுங்கைக்குள் ஒரு கிலோமீற்றர், அதன் பின் ஐந்து கிலோமீற்றர் என்று கூட்டி, ஒவ்வொரு முறை வந்ததும் கீழே ஒரு கடதாசி அட்டையை விரித்துவைத்து எங்கே என்ன சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். நான்கு டிரம்களையும் கையால் தொட்டு எது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறது என்று கவனியுங்கள். சில்லு ஆணிகளை மறுபடி இறுக்குங்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தால் 500 கிலோமீற்றரில் எண்ணெயை மாற்றி, சிலிண்டர் மூடியின் ஆணிகளையும் சரிபார்க்க வேண்டும். எங்கள் அட்டையில் மூன்றாவது நாள் பின் இடது சில்லின் கீழே ஒரு சிறிய ஈரவட்டம் தெரிந்தது. பிறேக் எண்ணெய். அந்தச் சிலிண்டரை மாற்றி, இன்னும் ஒரு வாரம் அட்டையை விரித்துப் பார்த்த பின்னர்தான் சாவியை அப்பாவிடம் கொடுத்தேன்.