உச்சியில் எழும்பி நிற்கும் குட்டை லேயர் வெட்டு: தொடங்குபவர்களுக்கான செய்முறை

மெல்லிய முடி தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டால், அதன் எடையே அதைக் கீழே இழுத்துத் தலையோடு ஒட்டிவிடுகிறது. அதே முடியைத் தாடை அளவுக்குக் குறைத்து உள்ளே அடுக்குகளையும் அமைத்தால், எடை குறைந்த வேர்ப்பகுதி மேலெழும்புகிறது. அடியிலுள்ள குட்டை முடிகள் மேலுள்ள நீள முடிகளைத் தாங்கிப் பிடிக்கின்றன. நுனிகள் வெவ்வேறு உயரத்தில் முடிவதால் தலை திரும்பும்போதெல்லாம் முடியும் அசைகிறது. இவ்வளவு தெரிந்த பின்னும் என் தங்கைக்கு வெட்டிய முதல் இரண்டு முறையும் உச்சியில் குடை விரித்தாற்போலவும் பிடரியில் முடியே இல்லாததுபோலவும்தான் வந்தது. மூன்றாவது முறை சரியாக அமைந்ததற்குக் காரணம் கத்தரியோ கைப்பழக்கமோ அன்று. முடியைப் பிடித்த கோணம்தான். ஆகவே இந்த விளக்கத்தில் மற்றப் படிகளைச் சுருக்கமாகவும் கோணத்தைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

இங்கே சொல்வது நேரான அல்லது இலேசாக அலையுள்ள முடிக்கு, தாடை அளவில், மற்றொருவருக்கு வெட்டும் முறை. தமக்குத் தாமே பின்புறம் வெட்டிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடியில் நீளத்தை ஓரளவு கணிக்கலாம். கோணத்தைக் கணிக்க முடியாது.

கருவிகள்

முடி வெட்டுவதற்கென்றே செய்த, 5.5 அங்குல அளவுள்ள கத்தரி ஒன்று போதும். காகிதமோ துணியோ வெட்டிய கத்தரியைத் தொடவே வேண்டாம். மழுங்கிய விளிம்பு முடியை அறுக்காமல் முன்னே தள்ளும், வெட்டுக்கோடு வளைந்துவிடும், நுனியும் நசுங்கிச் சீக்கிரமே பிளக்கத் தொடங்கும். நெருங்கிய பற்களும் அகன்ற பற்களும் ஒன்றாக அமைந்த சீப்பு, ஆறேழு கிளிப்புகள், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், தோளைச் சுற்றிக்கொள்ள வழுவழுப்பான துணி ஆகியவற்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேசரையும் தின்னிங் கத்தரியையும் (முடியின் அடர்த்தியைக் குறைக்கும் பல் வைத்த கத்தரி) முதல் ஐந்தாறு வெட்டுகளுக்கு எடுக்காமலிருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. தின்னிங் கத்தரியை வேருக்கு அருகில் ஒருமுறை அழுத்தினாலே நூற்றுக்கணக்கான குச்சி முடிகள் உருவாகி, வளரும்போது மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அடர்த்தியான முடியில் பாரத்தைக் குறைக்க அதற்கு ஓர் இடம் உண்டு. மெல்லிய முடியில் எந்த இடமும் இல்லை.

தயாரிப்பும் பிரிவுகளும்

முடியை அலசி, துண்டால் ஒற்றி, சிக்கெடுத்து முழுவதையும் பின்னோக்கி வாருங்கள். பிறகு உள்ளங்கையால் உச்சியை இலேசாக முன்னே தள்ளினால் முடி தானே ஓரிடத்தில் பிளக்கும். அதுதான் அவருடைய இயல்பான வகிடு. உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறது, பிடரியின் ஓரத்தில் முடி மேல்நோக்கி வளர்கிறதா என்பவற்றையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சுழி வலுவாக இருந்தால் அந்த இடத்தில் 1 முதல் 2 செ.மீ. வரை கூடுதலாக விட வேண்டும்.

நெற்றி நடுவிலிருந்து பிடரி வரை ஒரு கோடு. ஒரு காதின் பின்புறத்திலிருந்து உச்சி வழியாக மறு காது வரை ஒரு கோடு. இப்படிப் பிரித்த நான்கு பகுதிகளையும் தனித்தனியே கிளிப்பிடுங்கள். ஈரமான முடி இழுபட்டு நீளும் என்பதை மறக்காதீர்கள். இழுத்துப் பிடித்து வெட்டிய இடமெல்லாம் உலர்ந்ததும் மேலேறிவிடும். அதனால் நினைத்த நீளத்தைவிட 1 செ.மீ. நீளமாக விட்டே முதலில் வெட்ட வேண்டும்.

வெளிக்கோடு

தலையைச் சற்று முன்னே குனியச் செய்து, பிடரியில் 1 செ.மீ. பருமனுள்ள படலத்தைப் பிரித்து, தூக்காமல் நேரே கீழே வாரி, கழுத்தை ஒட்டி வெட்டுங்கள். அடுத்த படலத்தை அதன்மேல் இறக்கி, அடியில் தெரியும் கோட்டைப் பின்பற்றி வெட்டிக்கொண்டே மேலேறுங்கள். பக்கவாட்டுக்கு வரும்போது தலை நிமிர்ந்திருக்க வேண்டும். காதின்மேல் விழும் முடியை விரலால் அழுத்திப் பிடிக்கக் கூடாது. காது பின்னே தள்ளப்பட்டு, விட்டவுடன் முடி தூக்கிக்கொள்ளும். அங்கே சீப்பால் வாரி அப்படியே விட்டுவிட்டு, விழுந்த நிலையிலேயே வெட்டுங்கள்.

மெல்லிய முடிக்கு இந்த வெளிக்கோடு வெட்டியது வெட்டியபடி நேராகவும் கனமாகவும் இருக்க வேண்டும். அடர்த்தி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுவது இந்தக் கோட்டினால்தான். இதையும் அடுக்கடுக்காகக் கரைத்துவிட்டால் நுனி வழியே கழுத்து தெரியும். பிறகு உச்சியில் எவ்வளவு எழுச்சி இருந்தாலும் பயனில்லை.

உச்சியின் அளவு முடி

இனி லேயருக்கு வருவோம். முன்னிருந்த கிளிப்புகளை எடுத்துவிட்டு, தலையின் நடுக்கோட்டில், நெற்றிக்குச் சற்றுப் பின்னிருந்து சுழி வரை 1 செ.மீ. அகலமுள்ள ஒரு படலத்தைப் பிரித்து, நேரே மேல்நோக்கி வாரி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடியுங்கள். தாடை அளவு வெட்டுக்கு உச்சியில் 12 செ.மீ.க்குக் குறையாமல் விடுவது என் வழக்கம். முதல் முறை 14 செ.மீ. விட்டுப் பாருங்கள், குறைப்பதற்கு எப்போதும் வாய்ப்பு உண்டு. வெட்டிய இந்தப் படலம்தான் கைடு, அதாவது தலை முழுவதற்கும் அளவு சொல்லும் முடி.

கோணம்: நான் தவறிய இடம்

லேயர் வெட்டுக்கு முடியை 90 பாகையில் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதிலிருந்து 90 பாகை என்பதைத்தான் தெளிவாகச் சொல்வதில்லை. நான் அதைத் தரைக்கு இணையாகப் பிடிப்பது என்று புரிந்துகொண்டேன். காதுக்கு மேலே தலை செங்குத்தாக இருப்பதால் அங்கே இரண்டும் ஒன்றுதான். ஆகவே பக்கங்கள் சரியாகவே வந்தன. தலையின் பின்மேற்பகுதி அப்படியன்று. அங்கே தோல் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து வளைகிறது. அந்த இடத்து முடியைத் தரைக்கு இணையாகப் பின்னோக்கிப் பிடித்தால், தோலிலிருந்து 45 பாகைதான் தூக்கியதாக ஆகும். குறைவாகத் தூக்கி வெட்டிய முடி அடுக்காகப் பிரியாமல் ஓரிடத்தில் குவிந்து பாரம் சேர்க்கும். என் தங்கையின் உச்சியில் குடை விரிந்தது அதனால்தான்.

பிடரியில் நிலைமை தலைகீழ். பின்னந்தலையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டுக்குக் கீழே தலை உள்நோக்கிச் சரிகிறது. அங்கே 90 பாகை என்பது பின்னோக்கியும் சற்றுக் கீழ்நோக்கியும் இருக்கும் திசை. நான் அங்கேயும் தரைக்கு இணையாகத் தூக்கிப் பிடித்ததால், தேவைக்கு மேல் தூக்கப்பட்ட முடி தேவைக்கு மேல் குட்டையாகிப் பிடரி மெலிந்துபோனது. ஒரே தவறு, மேலே பாரத்தையும் கீழே வெறுமையையும் ஒருசேரக் கொடுத்தது.

இதற்கு நான் கண்டுகொண்ட எளிய வழி இது. வெட்டப்போகும் இடத்தில் சீப்பைத் தலைத்தோலின் மீது படுக்க வையுங்கள். சுவரில் அடித்த ஆணி சுவருக்கு எப்படி நிற்கிறதோ, அப்படி உங்கள் கையிலுள்ள முடி அந்தச் சீப்புக்கு நிற்க வேண்டும். சீப்பை எடுத்துவிட்டு, கையின் திசை மாறாமல் வெட்டுங்கள். தலை வளைய வளைய உங்கள் கையும் அதனுடன் சேர்ந்து வளைந்து இறங்க வேண்டும். உச்சியில் வானத்தை நோக்கியிருந்த விரல்கள், பின்மேற்பகுதியில் சாய்ந்து, எலும்பு மேட்டில் பின்சுவரை நோக்கி, பிடரியில் சற்றுத் தாழ்ந்திருக்கும். நின்ற இடத்திலேயே நின்று கையை மட்டும் நீட்டினால் கோணம் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு படலத்துக்கும் நீங்கள்தான் நகர்ந்து அதற்கு நேரே நிற்க வேண்டும். முதல் பத்துப் பன்னிரண்டு படலங்களுக்குச் சீப்பை வைத்துப் பார்ப்பது மந்தமான வேலையாகத் தோன்றும். ஆனாலும் விடாமல் செய்யுங்கள். அதன் பிறகு கை தானே கண்டுகொள்ளும்.

படலங்களைச் சுழியை மையமாக வைத்து, சக்கரத்தின் ஆரங்களைப் போலப் பிரித்து வருவது நல்லது. ஒவ்வொரு புதிய படலத்தோடும் முன்னர் வெட்டிய படலத்திலிருந்து ஒரு மெல்லிய இழையைச் சேர்த்துப் பிடித்தால், அதன் நுனி உங்களுக்கு அளவு காட்டும். அந்த நுனி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் படலம் தடித்துவிட்டது என்று பொருள். ஊகித்து வெட்டாமல், விட்டுவிட்டு மெல்லிதாகப் பிரித்தெடுங்கள். முன்னதிலிருந்து மட்டுமே இழை எடுக்க வேண்டும். சில இடங்களில் உச்சியின் முதல் கைடுக்கே திரும்பிச் சென்று அளந்தால், இரண்டு அளவுகள் கலந்து படிக்கட்டாகத் தெரியும்.

கீழே வரவர, விரலிடுக்கில் அளவுக்கு எட்டாத முடிகள் நழுவி விழும். அவை வெளிக்கோட்டுக்கு உரியவை. எட்டிப் பிடித்து வெட்ட முயலாமல் விழ விடுங்கள்.

முன்புறம் (பின்னர் சேர்த்த பகுதி)

இந்த முறையைப் படித்து வெட்டிய சிலர், பின்புறம் நன்றாக வந்தும் கன்னத்தருகே முடி மிகவும் குட்டையாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். இதை நான் முதலில் எழுதாமல் விட்டது என் பிழை. நெற்றியோரத்து முடியை அது முளைக்கும் இடத்துக்கு நேரே பிடித்து வெட்டினால் 12 செ.மீ. அளவு அங்கே கன்ன எலும்பருகே வந்து நிற்கும். அதைத் தவிர்க்க, காதுக்கு முன்னாலுள்ள படலங்களைக் காதுக்கு மேலே ஏற்கெனவே வெட்டிய படலம் வரை பின்னோக்கி இழுத்து அங்கே வெட்டுங்கள். முகத்தருகே வளரும் முடி அதிகத் தொலைவு பயணம் செய்து வருவதால், விட்டவுடன் அது முன்னே நீளமாக விழும். எவ்வளவு பின்னே இழுக்கிறீர்களோ, அவ்வளவு முன்புறம் நீளும்.

சரிபார்த்தல்

செங்குத்தாகப் பிரித்து வெட்டிய தலையைக் கிடைமட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே உயரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து, விரல்களை ஒரே நேரத்தில் கீழே வழுக்கி இறக்கினால் நீள வேறுபாடு உடனே தெரியும். துருத்தும் முனைகளை மட்டும் நீக்குங்கள். சரிபார்க்கும் பெயரில் மறுபடியும் முழுதாக வெட்டத் தொடங்கிவிடும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

உலர்த்துதல்

முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நனையும்போது விடுபட்டு, உலரும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மீண்டும் பிணைகின்றன. வேர் தலையோடு ஒட்டியபடி உலர்ந்தால் நாள் முழுவதும் ஒட்டியே கிடக்கும். எனவே மூஸை (முடிக்குத் தடவும் நுரை) இரண்டு விரல்களில் அடங்கும் அளவு எடுத்து வேர்களில் தடவி, தலையைக் கவிழ்த்து, விரல்களால் வேரைத் தூக்கியபடி முக்கால் பங்கு உலரும் வரை டிரையரைக் காட்டுங்கள். பிறகு நிமிர்ந்து, உச்சி முடியை அது படியும் திசைக்கு எதிர்த் திசையில் ரவுண்ட் பிரஷால் சுற்றி உலர்த்தி, குளிர் காற்றைச் சில நொடிகள் காட்டிய பிறகே பிரஷை எடுங்கள். சூட்டோடு எடுத்தால் எழுச்சி தங்காது.

ஸ்ப்ரேயை நான் ஏறக்குறையத் தொடுவதே இல்லை. 1960களில் லண்டன் முடி ஒப்பனைக் கலைஞர் விடால் சசூன், முடியைச் சுருட்டி ஸ்ப்ரே அடித்து விறைப்பாக்கி நிறுத்தும் வழக்கத்தை விட்டு, வெட்டின் வடிவமே முடியைத் தாங்கும்படி செய்தார். 1964இல் அவர் உருவாக்கிய ஐந்து முனை வெட்டை அலசி உதறிவிட்டாலே அது தன் இடத்தில் விழும். கோணம் சரியாக அமைந்த லேயர் வெட்டும் அப்படித்தான் விழ வேண்டும். ஸ்ப்ரே இல்லாமல் நிற்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் உச்சியின் பின்பகுதியில் சேர்ந்த பாரத்தில்தான் இருக்கும்.

நுனிகள்

அசைவு வருவதற்கான கடைசி வேலையை உலர்ந்த முடியில் செய்ய வேண்டும். ஈரத்தில் எந்த இடம் கனமாகத் தெரிகிறது என்பது புலப்படாது. உச்சி முடியை இழை இழையாகத் தூக்கி, கத்தரியை நுனிக்கு ஏறத்தாழ நேராகப் பிடித்து, அரை முதல் 1 செ.மீ. ஆழத்துக்குச் சிறு சிறு கொத்தலாக வெட்டுங்கள். வெட்டுக்கோடு பல் பல்லாக உடைந்து, அடுக்குகள் ஒன்றோடொன்று இழைந்துவிடும். வெளிக்கோட்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

மேலும் சில கேள்விகள் (புதிதாகச் சேர்த்தவை)

சுருள் முடிக்கு இந்த முறை பொருந்துமா என்று பலரும் கேட்கிறார்கள். கோணம் பற்றிய விதி அதற்கும் பொருந்தும். ஆனால் ஈரத்தில் வெட்டக் கூடாது. ஒவ்வொரு சுருளும் உலரும்போது வெவ்வேறு அளவு சுருங்குவதால், உலர்ந்த நிலையில் சுருள் சுருளாகப் பார்த்து வெட்டுவதே பாதுகாப்பு.

இடக்கை வழக்கமுள்ள ஒருவர், தமக்கு வெட்டுக்கோடு எப்போதும் ஒரு பக்கம் சாய்வதாகச் சொன்னார். வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடிக்கும்போது, பிடியின் அழுத்தமே அலகுகளை விலக்கிவிடுவதால் முடி அறுபடாமல் மடங்குகிறது. இடக்கைக்கென்று அலகுகள் மாற்றி அமைத்த கத்தரி கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

ஏற்கெனவே குடை விழுந்துவிட்டவர்கள் உச்சி முடியைக் குறைக்க வேண்டாம்; அது நிலைமையை மோசமாக்கும். குவிந்து நிற்கும் பட்டையை மட்டும் பிரித்தெடுத்து, சீப்பை வைத்துச் சரியான 90 பாகையைக் கண்டு, அந்தக் கோணத்தில் தூக்கினால் நடுவில் முக்கோணமாகத் துருத்தும் ஒரு முனை தெரியும். அந்த முனையை மட்டும் கொத்தி நீக்குங்கள். உச்சியே மிகவும் குட்டையாகிக் குச்சியாக நிற்கிறது என்றால் வெட்டித் திருத்த வழியில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும், 6 முதல் 8 வாரம் வரை உச்சியைத் தொடாமல், வெளிக்கோட்டை மட்டும் சிறிது சிறிதாக ஏற்றி வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.